பழைய மரச்சாமான்களில் உளு: வேலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடாற்காட்டில் பழைய வீடு என்றால் தாத்தா காலத்துத் தேக்கு அலமாரி, ஊஞ்சல் பலகை, கல்லாப்பெட்டி, சாய்வு நாற்காலி என்று ஏதாவது ஒன்று இன்னமும் புழக்கத்தில் இருக்கும். அப்படிப்பட்ட சாமான்களைச் சரிசெய்து பாலிஷ் போட்டுத் தருவது என் தொழில். வேலூர், ஆற்காடு, குடியாத்தம், வாணியம்பாடி என்று எங்கிருந்து யார் கூப்பிட்டாலும், மரத்தை உள்ளிருந்து தின்னும் பூச்சியான உளுவைப் பற்றிய கேள்விகள் சுற்றிச் சுற்றி ஒன்றாகவே இருப்பதால் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

அலமாரியின் பக்கப் பலகையில் குண்டூசித் தலை அளவுக்கு நிறைய ஓட்டைகள். உளு இன்னும் உள்ளே இருக்கிறதா?

ஓட்டையை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. அந்த ஓட்டை பூச்சி உள்ளே போன வழி இல்லை, வெளியே வந்த வழி. புழு மரத்துக்குள்ளேயே தின்று வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, வண்டாக மாறிய பிறகுதான் மேற்பரப்பைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகிறது. ஆகவே நீங்கள் பார்க்கும் ஓட்டை எப்போதோ நடந்து முடிந்த ஒன்றின் அடையாளம். அது போன மாதமாகவும் இருக்கலாம், 1940ஆகவும் இருக்கலாம்.

பார்க்க வேண்டியது பொடியை. முதலில் அலமாரியைச் சுவரிலிருந்து ஓரடி தள்ளி வையுங்கள். காய்ந்த பிரஷ்ஷால் ஓட்டைகளைச் சுற்றி நன்றாகத் துடைத்துவிட்டு, இருக்கிற ஓட்டைகள் எல்லாவற்றையும் பென்சிலால் சின்ன வட்டம் போட்டு அடையாளம் செய்யுங்கள். அடியில் கறுப்பு சார்ட் பேப்பரை விரியுங்கள். அப்புறம் அலமாரியைத் தொடக்கூடாது. நகர்த்தினாலோ கதவை அடித்துச் சாத்தினாலோ, பல வருஷத்துக்கு முந்தைய பொடிகூட அதிர்ச்சியில் உதிரும். வீடு மாறிய மறுநாள் "பொடி கொட்டுது" என்று பதறி வருகிற அழைப்புகளில் பாதி இந்த வகைதான்.

ஒன்றிரண்டு மாதம் கழித்துப் பாருங்கள். கறுப்புத் தாளில் வெளிறிய பொடி குவியல் குவியலாக விழுந்திருந்தால், அல்லது வட்டம் போடாத புது ஓட்டை தெரிந்தால், உள்ளே உயிர் இருக்கிறது. புது ஓட்டையை டார்ச் அடித்துப் பார்த்தால் விளிம்பு கூர்மையாகவும் உள்பக்கம் புது மர நிறத்திலும் இருக்கும். பழைய ஓட்டையின் விளிம்பு மழுங்கி, உள்ளே அழுக்கோ பாலிஷோ இறங்கிக் கறுத்திருக்கும். வெயில் ஏற ஏறப் பூச்சியின் வேலையும் வேகமாகும் என்பதால், எங்கள் பக்கத்தில் பங்குனியில் ஆரம்பித்து ஆடி வரை பார்ப்பது நல்லது. மார்கழிக் குளிரில் ஒன்றும் விழவில்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

கரையானா, வண்டா, எப்படித் தெரிந்துகொள்வது?

பொடியை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். முகப்பவுடர் போல வழவழவென்று இருந்தால் அது பவுடர் வண்டு. இதன் ஓட்டை ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர். அதே உறவில் இன்னும் கொஞ்சம் பெரிய வண்டு ஒன்று உண்டு, அது மூன்று முதல் ஆறு மில்லிமீட்டர் ஓட்டை போடும். நெல்லைத் துளைக்கும் சின்ன வண்டும் அந்தக் குடும்பம்தான்.

மண்ணால் கட்டிய குழாய், சுவரிலோ அலமாரிக் காலிலோ ஏறியிருந்தால் அது நிலத்துக் கரையான். அதற்கு வைத்தியம் சாமானில் இல்லை, தரையிலும் சுவரிலும் இருக்கிறது. அலமாரிக்கு மட்டும் மருந்தடித்துப் பிரயோசனமில்லை.

பொடியாக இல்லாமல் ஆறு பட்டை கொண்ட குட்டிக் குட்டிக் குருணையாகக் கொட்டினால் அது உலர்மரக் கரையான். மண்ணோடு சம்பந்தமே இல்லாமல் மரத்துக்குள்ளேயே குடியிருக்கும். பெரும்பாலும் கடலோர ஊர்களின் தொல்லை இது. சென்னையிலோ புதுச்சேரியிலோ வாங்கி வந்த சாமான் என்றால் இதையும் மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

என் அனுபவத்தில், "உளு" என்று என்னைக் கூப்பிடும் வீடுகளில் கணிசமானவற்றில் உண்மையான எதிரி சுவரோரம் ஏறிய கரையானாகவே இருக்கிறது.

ஆங்கிலத்தில் படித்தால் மூன்று முதல் ஐந்து வருஷம் புழு மரத்துக்கு உள்ளேயே இருக்கும் என்கிறார்களே?

அது இங்கிலாந்து, ஐரோப்பா வீடுகளில் வரும் மரச்சாமான் வண்டைப் பற்றியது. குளிரும் ஈரமும் உள்ள இடத்தில் மெதுவாக வளரும் பூச்சி அது. வேலூர் வெயிலில் நமக்குத் தொல்லை தருவது பவுடர் வண்டு. இதன் ஆயுள் சுற்று ஒரு வருஷத்துக்குள் முடிந்துவிடும், சூடான இடத்தில் சில மாதங்களிலேயே முடியும். ஆகவே அவர்களுடைய காலக்கணக்கை அப்படியே நம் வீட்டுக்குப் போட்டுப் பார்க்காதீர்கள்.

எந்த மரத்துக்குப் பயப்பட வேண்டும்?

மரத்தின் பெயரைவிட, பலகை மரத்தின் எந்தப் பகுதியிலிருந்து வந்தது என்பது முக்கியம். மரத்தின் நடுவில் இருப்பது வைரம். பட்டையை ஒட்டி வெளிறித் தெரிவது வெள்ளை. பவுடர் வண்டுக்கு வேண்டியது மாவுச்சத்து, அது வெள்ளைப் பகுதியில்தான் இருக்கிறது. பெண் வண்டு மரத்தைக் கடித்துப் பார்த்து, சத்து இருந்தால்தான் மரத்தின் நுண்துளைகளுக்குள் முட்டையிடும். தேக்கு, ஈட்டி, வேங்கை ஆகியவற்றின் வைரத்தில் அதற்குச் சாப்பாடு இல்லை. மா, இலவம், ரப்பர் மரம், மலிவான பிளைவுட் எல்லாம் அதற்கு விருந்து.

மரம் பழசாக ஆக மாவுச்சத்தும் குறைந்துகொண்டே போகும். நூறு வருஷத்து வைரத்தேக்கு அலமாரியில் இருக்கும் ஓட்டைகள், ஓரத்தில் விட்டுவைத்த ஒரு விரல் அகல வெள்ளையில் அந்தக் காலத்திலேயே விழுந்து அடங்கியவையாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

அப்படியானால் எங்கள் வீட்டு நூறு வருஷத்து அலமாரியில் இப்போது எப்படிப் புதுப் பொடி?

இந்தக் கேள்விக்குத்தான் எல்லோரும் கவனம் கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன். சமீபத்தில் பழுது பார்த்தீர்களா? பின்பக்கப் பலகை, இழுப்பறையின் அடித்தட்டு, கண்ணாடிக்குப் பின்னால் வைத்த பிளைவுட், உள்ளே அடித்த ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்), இவற்றில் எதையாவது மாற்றினீர்களா? பெரும்பாலும் ஆமாம் என்றுதான் பதில் வரும். தேக்கு அலமாரிக்குத் தேக்கிலேயே முதுகு போட்டால் செலவு அதிகம் என்று மாமரப் பலகையையோ சாதாரண பிளைவுட்டையோ அடித்துவிடுகிறார்கள். அந்தப் புதுப் பலகையோடு முட்டையும் புழுவும் சேர்ந்தே வீட்டுக்குள் வந்துவிடுகின்றன. ஆறு மாதத்தில் பொடி கொட்ட ஆரம்பித்ததும், பழைய அலமாரி உளுத்துவிட்டது என்று கல்லுப் போலிருக்கும் தேக்கைப் பாதி விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். அதைப் பார்க்கும்போது எனக்கு மனம் ஆறுவதே இல்லை.

அதனால் பழுது பார்க்கும்போதே ஆசாரியிடம் கேளுங்கள்: என்ன மரம், வெள்ளை இருக்கிறதா, எங்கே வாங்கியது? பழைய வீடு இடிக்கிற இடத்தில் கிடைக்கும் தேக்குச் சட்டம், உத்திரத் துண்டு இவை இருந்தால் முதல் மரியாதை அவற்றுக்குத்தான். இப்போது வரும் இளந்தேக்கில் வெள்ளை அதிகம், தேக்கு என்று பெயர் இருந்தால் மட்டும் போதாது. பிளைவுட்தான் என்றால் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட்டாக வாங்குங்கள், அது பூச்சிமருந்து ஏற்றியே வரும்.

ஏற்கெனவே அடித்த பலகையில்தான் பொடி என்றால் மருந்தெல்லாம் வேண்டாம். அந்தப் பலகையைக் கழற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி வெளியே எடுத்துப்போய், பையை நீக்கிவிட்டு எரித்துவிடுங்கள். பிளைவுட் என்றால் எரிக்காதீர்கள், பசை எரிந்து நச்சுப்புகை வரும். கட்டியபடியே குப்பை வண்டியில் கொடுத்துவிடுங்கள்.

மண்ணெண்ணெய், வேப்பெண்ணெய், பழைய இன்ஜின் ஆயில் பூசலாமா?

வேண்டாம். மண்ணெண்ணெய் ஆவியாகிப் போய்விடும், தீப்பிடிக்கும் ஆபத்து மட்டும் மிச்சம். வேப்பெண்ணெய் மேலே பிசுபிசுவென்று நின்று தூசியைப் பிடித்து மரத்தைக் கறுக்க வைக்கும், ஆழத்தில் இருக்கும் புழுவுக்கு எட்டாது. கழிவு ஆயில் மாட்டுக்கொட்டகைக் கம்பத்தோடு நிற்கட்டும். அது ஊறிய மரத்தில் பிறகு பாலிஷும் ஒட்டாது, பசையும் ஒட்டாது. அலமாரிக்குள் போடும் அந்துருண்டை துணிப் பூச்சிக்கு உதவும், பலகைக்குள் இருக்கும் புழுவுக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

சரி, உயிரோடு இருப்பது உறுதியாகிவிட்டது. என்ன போடுவது?

நான் முதலில் கையில் எடுப்பது வெங்காரமும் (போராக்ஸ்) போரிக் பவுடரும். ஒரு லிட்டர் வெந்நீரில் 60 கிராம் வெங்காரம், 40 கிராம் போரிக் பவுடர் போட்டு முழுதாகக் கரையும் வரை கலக்க வேண்டும். சூடு ஆறுவதற்குள் பிரஷ்ஷால் பூச வேண்டும், முதல் பூச்சு இழுத்துக்கொண்டதும் இரண்டாவது, அதன்பின் மூன்றாவது. பலகையின் வெட்டுவாய் தெரியும் முனைகள்தான் அதிகம் குடிக்கும், அங்கே தாராளமாகப் பூசுங்கள். மரத்தைத் தின்னும் புழுவின் வயிற்றுக்குள் போய் வேலை செய்கிற மருந்து இது, அதனால் உடனே பொடி நின்றுவிடாது. வெளியே வரத் தயாராக இருந்த வண்டுகள் வந்தேதீரும், ஒரு கோடை முழுக்கப் பொறுத்திருந்து பாருங்கள்.

இரண்டு எச்சரிக்கை. பாலிஷ், வார்னிஷ், பெயின்ட் மேல் இதைப் பூசினால் உள்ளே இறங்காது. அரக்குப் பாலிஷ் என்றால் தண்ணீர் பட்டு வெள்ளை பூத்துவிடும். ஆகவே பாலிஷ் இல்லாத அடிப்பக்கம், முதுகு, இழுப்பறையின் உள்பக்கம், இவற்றுக்கு மட்டும்தான். இன்னொன்று, பழைய சாமான்களை ஒட்டியிருப்பது வச்சிரம், தோலைக் காய்ச்சி எடுத்த பசை. அது தண்ணீரில் இளகும். மேலே மெல்லிய மர ஏடு ஒட்டிய மேஜையில் இந்தக் கரைசலைப் பூசினால் ஏடு கிளம்பிவிடும்.

கையுறை போடுங்கள். கேரம் போர்டில் தூவுகிற பவுடர்தானே என்று குழந்தைகள் பக்கத்தில் வைத்து வேலை பார்க்காதீர்கள், வயிற்றுக்குள் போனால் விஷம்.

பாலிஷ் போட்ட முகப்பிலேயே ஓட்டை இருந்தால்?

அங்கே எண்ணெய் சார்ந்த மர மருந்தை ஊசியில் ஏற்றி ஓட்டைக்குள் விடலாம், பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்தவை ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கின்றன. உள்ளே சுரங்கங்கள் ஒன்றோடொன்று சேர்ந்திருப்பதால் இங்கே அழுத்தினால் நான்கு விரல் தள்ளி இன்னொரு ஓட்டையிலிருந்து பீய்ச்சியடிக்கும். கண்ணாடி போடாமல் இதைச் செய்யவே கூடாது. முதலில் கண்ணில் படாத மூலையில் ஒரு சொட்டு விட்டுப் பாலிஷ் கெடுகிறதா என்று பாருங்கள். ஜன்னல்களைத் திறந்து வைத்து, நெருப்பு இல்லாத இடத்தில் வேலை செய்யுங்கள்.

வேலூர் வெயிலில் காயவைத்தாலே செத்துவிடாதா?

சும்மா வெயிலில் போட்டால் மேலே சுடும், உள்ளே புழு சௌகரியமாக இருக்கும், பலகை மட்டும் விரிசல் விடும். ஆனால் சூடு பூச்சியைக் கொல்லும் என்பது உண்மை. ஏற்றுமதிப் பெட்டி மரத்துக்கு உலக அளவில் உள்ள விதியே, மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் இருக்க வேண்டும் என்பதுதான்.

பாலிஷோ பெயின்ட்டோ ஒட்டுவேலையோ இல்லாத கட்டில் பலகை, சாதாரண பெஞ்சு, மணை போன்றவற்றுக்கு அக்னி நட்சத்திர வெயிலைப் பயன்படுத்தலாம். கறுப்புப் பாலித்தீன் தாளில் காற்று புகாமல் இறுக்கிச் சுற்ற வேண்டும், மரத்தின் ஈரம் வெளியே ஓடாமல் இருந்தால்தான் விரிசல் விடாது. அதே தடிமனில் ஒரு வேண்டாத கட்டையின் நடுவரை துளை போட்டு, வெப்பமானி ஒன்றைச் செருகி, அதையும் உள்ளே சேர்த்துச் சுற்றிவிடுங்கள். நடுக்கட்டை 56 டிகிரியைத் தொட்டு ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். மாலையில் உடனே பிரிக்காமல், இரவு முழுக்க ஆறவிட்டுக் காலையில் பிரியுங்கள். அலமாரி, நிலைக்கண்ணாடி மேஜை, வண்ணம் தீட்டிய தொட்டில் இவற்றை இந்தப் பக்கமே கொண்டுவராதீர்கள்.

பல்லாங்குழி, சின்னப் பெட்டி, மரப்பொம்மைகளுக்கு?

குளிரூட்டல்தான் சிறந்த வழி. பாலித்தீன் பையில் போட்டுக் காற்றை வெளியேற்றிக் கட்டி, மைனஸ் 18 டிகிரி காட்டும் டீப் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்ததும் பையைப் பிரிக்காமல் ஒரு நாள் முழுக்க அறையில் வைத்திருங்கள், இல்லையென்றால் மரத்தின் மேல் நீர் கோத்துக்கொள்ளும். செம்மரத்து மரப்பாச்சிக்கு இதெல்லாம் தேவைப்படுவது அபூர்வம்.

அரிசி மூட்டைக்கு வைக்கிற மாத்திரையை அலமாரிக்குள் வைத்துச் சாத்திவிடலாம் என்கிறார்களே?

கூடவே கூடாது. அது அலுமினியம் பாஸ்பைடு. காற்றின் ஈரம் பட்டால் அதிலிருந்து வரும் பாஸ்பீன் வாயு, மூடிய அறையில் தூங்குகிறவர்களைக் கொன்றுவிடும். அனுமதி பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டுக்காரர்கள் மேற்பார்வையோடு செய்ய வேண்டிய வேலை அது. யார் கொடுத்தாலும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

அஞ்சறைப் பெட்டி, நெல் பெட்டி, தொட்டில் இவற்றுக்கு மருந்து போடலாமா?

சாப்பாட்டுப் பொருளும் குழந்தை வாயும் படுகிற இடத்தில் எந்த மருந்தும் வேண்டாம். சின்னது என்றால் ஃப்ரீசர், பெரியது என்றால் உளுத்த பலகையை மாற்றுவது.

மழையிலும் வெள்ளத்திலும் நனைந்த சாமானை என்ன செய்வது?

2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டபோது கரையோர வீடுகளில் நிறையச் சாமான்கள் ஊறின. நனைந்த மரத்தை வெயிலில் போடாமல், நிழலில், அடியில் கட்டை கொடுத்து, மெதுவாகக் காயவிட வேண்டும். ஈரம் நின்ற காலுக்குக் கரையான் தேடிக்கொண்டு வரும். பழைய வீடுகளில் அலமாரிக் காலுக்கும் கட்டில் காலுக்கும் அடியில் கல் வைத்திருப்பார்கள். கழுவி விடுகிற தண்ணீர் காலில் ஏறாமல் இருக்க அதைவிட மலிவான வழி இல்லை. சுவருக்கும் சாமானுக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி விட்டால் காற்றும் போகும், டார்ச் வெளிச்சமும் போகும்.

நாற்காலிக் கால் கையால் அழுத்தினாலே நொறுங்குகிறது. தூக்கிப் போட்டுவிடவா?

பொறுங்கள். கெட்ட இடம் எது வரை என்று தடித்த ஊசியால் குத்திப் பாருங்கள், ஊசி நிற்கிற இடத்தில் நல்ல மரம் ஆரம்பிக்கிறது. அங்கிருந்து சாய்வாக வெட்டி, அதே சாதி வைர மரத்தில் புதுத் துண்டு ஒட்டி எடுக்கலாம், நல்ல ஆசாரிக்கு இது கைவந்த வேலை. செதுக்கு வேலை உள்ள பகுதி என்றால் வெட்டாமல், அசிட்டோனில் கரைத்த பாராலாய்டு பி-72 என்ற பிசினை உள்ளே குடிக்கவைத்துக் கெட்டிப்படுத்துவார்கள், அது பழம்பொருள் பாதுகாப்பு நிபுணர் செய்ய வேண்டியது.

ஓட்டைகளை அடைக்கலாமா?

பொடி நின்றது உறுதியான பிறகு தேன்மெழுகில் நிறம் கலந்து அடையுங்கள். பிறகு மெழுகு இல்லாத ஓட்டை ஒன்று தெரிந்தால் அது புதியது என்று பார்த்தவுடனே தெரியும். அப்புறம் ஒரு முக்கியமான வேலை: அடிப்பக்கத்துக்கும் முதுகுக்கும் ஒரு பூச்சு வார்னிஷ் கொடுங்கள். வண்டு முட்டையிடுவது மூடாத நுண்துளைகளில்தான். முகப்புக்கு ஐந்து கோட் பாலிஷ் போட்டு, முதுகைப் பூச்சில்லாத வெறும் மரமாக விட்டுவிடுவதுதான் பலர் வீட்டில் நடக்கிறது.

தாத்தா போட்டோ ஃப்ரேமிலிருந்து பொடி விழுகிறது.

பின்னால் வைத்த அட்டைப் பலகையில் இருக்கும். படத்தைப் பத்திரமாக எடுத்துவிட்டுப் பலகையையும் சட்டத்தையும் மாற்றிவிடலாம். மருந்து தெளிக்காதீர்கள், படம் போய்விடும். தஞ்சாவூர் ஓவியம் என்றால் பிரிக்கவே வேண்டாம், பலகையும் படமும் ஒன்று. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் பழம்பொருள்களைக் காக்கும் வேதியியல் பாதுகாப்பு ஆய்வுக்கூடம் இருக்கிறது, அங்கே விசாரித்துவிட்டுக் கை வையுங்கள்.

பழைய சாமான் கடையில் வாங்கும்போது எங்கே பார்க்க வேண்டும்?

முன்பக்கத்தைக் கடைசியாகப் பாருங்கள். இழுப்பறையை முழுதாக உருவிக் கவிழ்த்து, அதன் அடித்தட்டையும் அது இருந்த இடத்தின் மூலைகளையும் டார்ச்சில் பாருங்கள். புதுப் பாலிஷ் பளபளக்கும் சாமானில், பாலிஷ் படாத ஓட்டை இருந்தால் அது பாலிஷுக்குப் பிறகு விழுந்தது. பழைய ஓட்டைகள் மட்டும் என்றால் விலையைக் குறைத்துக் கேட்டு வாங்குங்கள், மரம் நன்றாகவே இருக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் மற்ற சாமான்களோடு சேர்க்காமல், முக்கியமாக ரப்பர் மரச் சோபா, மூங்கில் முறம், கூடை இவற்றின் பக்கத்தில் வைக்காமல், ஒரு கோடைவரை தனியே வைத்துக் கறுப்புத் தாள் சோதனையைச் செய்யுங்கள்.

பாட்டியின் பெட்டியை அமெரிக்காவில் இருக்கும் பேத்திக்கு அனுப்பலாமா?

உளு இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள், அந்த நாட்டு அதிகாரிகள் பூச்சி கண்டால் உள்ளே விடமாட்டார்கள். பெட்டியை வைத்துக் கட்டி அனுப்பும் மரச் சட்டத்தில், வெப்பம் ஏற்றியதற்கான கோதுமைக்கதிர் முத்திரையும் எச்.டி. எழுத்தும் இருக்க வேண்டும். இன்னொன்று, 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷம் தாண்டிய கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. அவ்வளவு பழையது இல்லை என்றால் இந்தியத் தொல்லியல் துறையிடம் அதற்கான சான்றிதழ் வாங்கிக்கொண்டு அனுப்புங்கள். விண்ணப்பத்தோடு பெட்டியின் எல்லாப் பக்கங்களும் தெரியும் புகைப்படங்களைச் சேர்த்துக் கொடுத்தால் வேலை சுலபமாகும்.